நார்ஃபோக்கில் கல்யாணத்துக்கு இடம் பிடிக்கிறவர்களுக்கு

"இடம் பார்த்தாச்சு, பிரமாதமா இருக்கு" என்று நண்பர் ஒருவர் இருபது படங்கள் அனுப்பினார். நாணல் வேய்ந்த கூரை, சக்கிமுக்கிக் கல் பதித்த சுவர், பின்னால் பார்லி வயல், அதற்கும் பின்னால் கோடு கிழித்தாற்போல் கடல். குறை சொல்ல ஒன்றுமில்லை. "உங்க அம்மா ராத்திரி பத்து மணிக்கு அங்கேருந்து எங்கே போய்ப் படுப்பாங்க?" என்று கேட்டேன். பதில் வர மூன்று நாள் ஆயிற்று. அந்தத் தேதியில் காலியாக இருந்த அறை 22 மைல் தள்ளி இருந்தது.

நார்ஃபோக்கில் இடம் தேடும்போது நான் வைத்திருக்கும் வரிசை இதுதான்: முதலில் பாதை, அடுத்து படுக்கை, கடைசியில் படம். அழகான இடத்துக்குக் கிழக்கு இங்கிலாந்தின் இந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பஞ்சமே இல்லை. 140 பேரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து, சாப்பாடு போட்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்ப முடிகிற இடங்கள்தான் குறைவு.

முதலில் வரைபடத்தை விரியுங்கள்

5,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நார்ஃபோக்கில் ஒரு மோட்டார்வேகூடக் கிடையாது. லண்டன் பக்கமிருந்து வரும் ஏ11 நெடுஞ்சாலை முழுக்க இரட்டைச் சாலை ஆனதே 2014 கடைசியில்தான். கிழக்கு மேற்காக ஓடும் ஏ47 இடையிடையே ஒற்றைச் சாலையாகச் சுருங்கிவிடும். வடக்குக் கடலோரத்தைத் தொட்டுச் செல்லும் ஏ149-ல் சில கிராமங்களுக்குள் நுழைந்தால், எதிரே பஸ் வந்தாலே ஒருவர் பின்னுக்குப் போய் ஒதுங்கவேண்டும். "முப்பது மைல்தானே, அரை மணி" என்று லண்டன்காரர் கணக்குப் போட்டால், இரட்டிப்பாகச் சொல்லித் திருத்துங்கள். இலையுதிர் காலத்தில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை தொடங்கிவிட்டால் டிராக்டருக்குப் பின்னால் ஊர்வலமாகப் போகவேண்டியிருக்கும். மாப்பிள்ளை அழைப்பு தனியாக வைக்கவே வேண்டாம்.

ரயிலில் வருகிறவர்களுக்கு லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து நாரிச் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மேற்குப் பகுதி என்றால் கிங்ஸ் கிராஸிலிருந்து கிங்ஸ் லின்னுக்கு நேர் வண்டி உண்டு. நாரிச்சிலிருந்து குரோமர், ஷெரிங்கம் வரை ஒரு சின்னக் கிளைப்பாதை போகிறது. வெல்ஸ், பர்ன்ஹாம், பிளேக்னி ஆகிய ஊர்களுக்கு ரயிலே கிடையாது. விருந்தினர் எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற பாதியை மட்டும் தேடுங்கள்.

ஊர்ப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தஞ்சாவூர் தஞ்சையானதை மரூஉ என்று பள்ளியில் படித்தோமே, நார்ஃபோக்கில் அது எல்லை மீறிப் போயிருக்கிறது. எழுத்தில் நார்விச், வாயில் நாரிச். வைமண்ட்ஹாம் என்று எழுத்துக்கூட்டிப் படிப்பதை விண்டம் என்கிறார்கள். ஹாப்பிஸ்பர்க் போலத் தெரிவது ஹேஸ்ப்ரா. டாக்ஸிக்குப் போன் செய்யும் மாமா எழுத்தைப் பார்த்துச் சொன்னால் எதிர்முனையில் ஓர் அமைதி நிலவும். அழைப்பிதழிலேயே உச்சரிப்பைப் போட்டுவிடுங்கள். போஸ்ட்கோடை மட்டும் நம்பவேண்டாம். கிராமத்தில் ஒரே போஸ்ட்கோடு நாலைந்து பண்ணைகளுக்குப் பொதுவாக இருக்கும். இடத்தை மூன்றே சொற்களில் காட்டும் வாட்த்ரீவேர்ட்ஸ் செயலியின் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

கடல் வேண்டும் என்கிறவர்களுக்கு

வடக்குக் கடற்கரை மயக்கக்கூடியது. ஹோல்கமின் பைன் மரங்களும் விரிந்த மணலும், பிளேக்னியின் உப்புச் சதுப்பும், குரோமரில் 1901-ல் திறந்த கடற்பாலமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத காட்சிகள். இந்தக் கரை வடக்கு பார்த்தது என்பதை மட்டும் மறக்கவேண்டாம். ஜூலையில்கூடக் காற்று பட்டுப்புடவையைப் பாய்மரமாக்கிவிடும். கடலில் சூரியன் மறைவதைப் படமெடுக்க ஆசையென்றால் ஹன்ஸ்டன்டன் போங்கள். கிழக்கு இங்கிலாந்தில் இருந்துகொண்டு மேற்கு பார்த்த கடற்கரை அது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட செங்குத்துப் பாறை பின்னணிக்கு இலவசம்.

மே, ஜூனில் இன்னொரு விருந்தாளி சொல்லாமல் வருவார். உள்நாட்டில் வெயில் காயும்போது, குளிர்ந்த கடலின் மேல் வெதுவெதுப்பான காற்று பட்டு மூடுபனி திரண்டு கரையேறும். ஃப்ரெட் என்பார்கள். ஐந்து மைல் உள்ளே சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்பார்கள், கரையில் மணப்பெண் நடுங்குவாள். கடலோர இடம் என்றால் கூரையுள்ள மாற்று ஏற்பாடு ஒன்று கட்டாயம் வேண்டும். "மழை வந்தால் என்ன செய்வீர்கள்" என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் "ஃப்ரெட் வந்தால்?" என்று கேளுங்கள். மேலாளருக்கு உங்கள் மேல் ஒரு மரியாதை வந்துவிடும்.

அப்புறம் அலையேற்றம். இதைப் பற்றிக் கேட்காமல் தேதி குறிக்கவே கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டொரு நாளில் கடல் மிக உயரமாக ஏறும். இந்தக் கரையில் அது பெரும்பாலும் காலை, மாலை ஏழு எட்டு மணி வாக்கில் வருகிறது. அதாவது மாலை விருந்துக்கு ஆட்கள் வந்து காரை நிறுத்தும் நேரம். பிளேக்னி படகுத்துறையின் கார் நிறுத்துமிடம் அப்போது தண்ணீருக்கு அடியில் போய்விடும். பிரான்காஸ்டர் கடற்கரைச் சாலையும் அப்படித்தான். தண்ணீர் வடிந்தபின் கதவைத் திறந்து பாசியை வழித்துப் போட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். முகூர்த்தம் பார்த்ததோடு நிற்காமல் அலையட்டவணையையும் பாருங்கள். அடுத்த வருடத்துக்கான கணக்கே முன்கூட்டிக் கிடைக்கும். கடற்கரையில் படமெடுக்கும் நேரமும் அதைப் பொறுத்ததே. வெல்ஸ் கடற்கரையில் நீர் ஏறும்போது சங்கு ஊதி எச்சரிப்பார்கள். அது கேட்டால் படமெடுப்பவர் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாலும் கிளம்பிவிடவேண்டும்.

கடல் இல்லாத நார்ஃபோக்

நாரிச்சுக்குக் கிழக்கே பிராட்ஸ் என்னும் நீர்ப்பரப்புகள் கிடக்கின்றன. ஏரிபோலத் தெரிந்தாலும் இடைக்காலத்தில் எரிபொருளுக்காகக் கரியமண் வெட்டிய பள்ளங்கள் அவை. பின்னாளில் நீர் புகுந்துவிட்டது. மனிதர் தோண்டியவை என்பதைத் தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட் 1950-களில் நிறுவும்வரை இயற்கையானவை என்றே நினைத்திருந்தார்கள். படகில் மணமக்கள் வந்திறங்க இதைவிட நல்ல இடம் இல்லை. மாலையில் பூச்சிக்கடியும் அதே அளவுக்கு உண்டு. குழந்தைகள் நிறைய வரும் கல்யாணமென்றால் வேலியில்லாத நீர்க்கரை எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தெற்கே தெட்ஃபோர்டைச் சுற்றிய பிரெக்ஸ் மணற்பாங்கான பைன் காட்டுப் பகுதி. லண்டனிலிருந்து வர எளிது, வாடகையும் கடலோரம் போல் ஏறியிருக்காது. ஆனால் பக்கத்திலேயே விமானப்படைத் தளங்களும் ராணுவப் பயிற்சி நிலமும் இருக்கின்றன. போர் விமானங்கள் பெரும்பாலும் வார நாட்களில்தான் பறக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று வியாழக்கிழமை முடிவு செய்தவர்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

நடு நார்ஃபோக்கில் பண்ணைகளும் பழைய தானியக் கொட்டகைகளும் உண்டு. பார்ன் கல்யாணம் என்று எல்லோரும் தேடுவது இங்கேதான். காட்விக்கில் 1597-ல் கட்டிய பெரிய செங்கல் பார்ன் இதில் பெயர்பெற்றது. சுற்றிலும் அழிந்துபோன ஓர் இடைக்கால கிராமத்தின் மேடுபள்ளங்களைப் பார்க்கலாம். பார்ன் எதுவானாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, பக்கத்து வயலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நார்ஃபோக்கில் பன்றிகளைத் திறந்த வெளியில் வளர்ப்பது சகஜம். படத்தில் வாசனை தெரியாது.

வயதானவர்கள் அதிகம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம் என்றால் என் ஓட்டு நாரிச் நகரத்துக்கு. 1750-களில் எழுந்த அசெம்ப்ளி ஹவுஸ் மாதிரியான ஜார்ஜியன் கூடங்கள் உண்டு. ஓட்டல், ரயில் நிலையம், டாக்ஸி எல்லாம் கிட்டத்தில். "கிராமத்துக் கல்யாணம்" என்ற ஆசையைப் படமெடுப்பவரோடு ஒரு மணி நேரம் வெளியே போய்த் தீர்த்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். இங்கிலாந்தில் சிவில் முறையில், அதாவது அரசுப் பதிவாளர் நடத்த, கல்யாணம் செய்ய, அந்த இடம் அதற்கென அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும். "விருந்துக்கு அனுமதி உண்டு" என்பதும் "கல்யாணத்துக்கு அங்கீகாரம் உண்டு" என்பதும் வேறு வேறு. 2021 ஜூலை முதல், அங்கீகாரம் பெற்ற கட்டடத்தின் வளாகத்துக்குள் திறந்த வெளியிலும் நடத்தலாம். ஆனால் பொதுக் கடற்கரையில் நின்று செய்தால் அது சட்டப்படி கல்யாணம் ஆகாது.

பதிவாளரை நீங்கள் தனியாக முன்பதிவு செய்யவேண்டும். இடத்துக்குப் பணம் கட்டும் முன், அந்தத் தேதியில், அந்த நேரத்தில் பதிவாளர் கிடைப்பாரா என்று கவுண்டி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பிறகு மணமக்கள் இருவரும் அவரவர் வசிக்கும் பகுதிப் பதிவு அலுவலகத்தில் நேரில் போய், கல்யாணம் செய்யப்போவதாக அறிவிப்புக் கொடுக்கவேண்டும். அந்தப் பகுதியில் குறைந்தது ஏழு நாள் வசித்திருக்கவேண்டும். கொடுத்தபின் 28 நாள் காத்திருக்கவேண்டும். குடியேற்ற நிலையைப் பொறுத்துச் சிலருக்கு அது 70 நாளாக நீளலாம். அறிவிப்பு ஒரு வருடம் செல்லும். அதில் இடத்தின் பெயரும் இருக்கும். இடத்தை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் இடத்தை உறுதி செய்தபின்தான் அறிவிப்பு. கல்யாணத்துக்காக மட்டும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அதற்கென்றே ஒரு விசா உண்டு. சுற்றுலா விசாவில் வந்து செய்ய முடியாது.

தேவாலயம் வேண்டுமென்றால் நார்ஃபோக்கில் 600-க்கு மேல் இடைக்காலத் தேவாலயங்கள் நிற்கின்றன. வட்டக் கோபுரம் கொண்டவையே நூற்றைத் தாண்டும். அழகாக இருக்கிறது என்பதற்காக ஆங்கிலத் திருச்சபைக் கோயில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட முடியாது. அந்தப் பங்கில் (அந்தக் கோயிலின் எல்லைக்குள்) குடியிருப்பது, முன்பு ஆறு மாதம் வாழ்ந்தது, பெற்றோர் அங்கே மணந்தது என்று ஏதாவது ஒரு தொடர்பு வேண்டும்.

நம் முறைக் கல்யாணம் செய்கிறவர்களுக்கு: பதிவாளர் நடத்தும் சிவில் சடங்கில் மதச் சடங்குக்கு இடமில்லை. ஓமமும் தாலிகட்டும் தனியாகத்தான் வைத்துக்கொள்ளவேண்டும். பலரும் பதிவை ஒரு நாள் முன்பே எளிமையாக முடித்துக்கொள்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. காலை முகூர்த்தம் ஆறரைக்கு என்றால், சாவி எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று முதலிலேயே கேளுங்கள். பத்து மணிக்குத் திறப்பதுதான் பல இடங்களில் வழக்கம்.

நேரில் போய்ப் பார்க்கும்போது

ஓமம் வளர்க்கலாமா என்பதை வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள். பிராட்ஸில் அறுத்த நாணல் வேய்ந்த கூரைக்கு அடியில் மெழுகுவர்த்திகூட ஏற்றவிடாத இடங்கள் உண்டு. குண்டத்தின் அளவு, எவ்வளவு நேரம் எரியும், புகை உணரியை யார் அணைப்பார் என்று எழுதிக்கொடுத்து எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

அடுத்து சுவரைப் பாருங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குள்ள சின்னப் பெட்டி ஒன்று தெரிந்தால் அது ஒலி வரம்புக் கருவி. சத்தம் அளவைத் தாண்டிச் சிவப்பு சில நொடி எரிந்தால் அந்தப் பக்கத்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நான் போன ஒரு பார்ன் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் சிவப்பு எரிந்தது. தவிலும் நாதஸ்வரமும் மின்சாரத்தில் ஓடுவதில்லையே, அவை பாட்டுக்கு முழங்கின. மூலையில் இருந்த டிஜேயின் பெட்டிகளும் காபி இயந்திரமும்தான் அணைந்தன. மேலாளர் ஓடிவந்தார். தவில்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தபடி இன்னும் ஒரு சுற்று வாசித்தார். உங்களுக்கு இப்படி வேண்டாமென்றால், எத்தனை டெசிபெல் வரை அனுமதி, பக்கத்து வீடு எவ்வளவு தூரம், இசை எத்தனை மணிக்கு நிறுத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. வெளிச் சமையல்காரரை அனுமதிப்பார்களா, அவர்கள் பட்டியலில் உள்ளவர்தான் வரவேண்டுமா? லண்டனிலிருந்து சமைத்து எடுத்து வந்தால் வட கரைக்கு மூன்று மணி நேரம் ஆகும். சூடாக்க அங்கே அடுப்பு வேண்டும். பந்தி போட ஆசையென்றால் மேசைகளை அளந்து பாருங்கள். இங்கே எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேசைதான் வழக்கம். அதில் எட்டு வாழை இலை விரித்தால் ஒருவர் நுனி இன்னொருவர் ரசத்தில் கிடக்கும். நீள மேசை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வாடகைக்கு எடுக்கலாமா என்றும். எவ்வளவு பேர் கொள்ளும் என்ற கணக்கிலும் கவனம் வேண்டும். நல்ல பார்ன்கள் பலவற்றில் 120, 150 பேர்தான் உட்காரலாம். 400 பேர் என்றால் நாரிச்சுக்கு வெளியே கண்காட்சித் திடல் அரங்கு மாதிரி எதையாவதுதான் பார்க்கவேண்டியிருக்கும். நார்ஃபோக்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பதில் அப்போது அர்த்தமில்லை.

குளிர்காலக் கல்யாணத்துக்கு வாடகை குறையும். ஆனால் டிசம்பரில் மாலை 3.40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். இரண்டு மணிக்குச் சடங்கு முடிந்தால் வெளிச்சம் மிச்சமிருப்பது கொஞ்ச நேரமே. ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும்.

படுக்கையும் வண்டியும்

கடலோரத்தில் கோடைகாலக் குடில்களை வாரக் கணக்கில்தான் பெரும்பாலும் விடுவார்கள். ஒரு ராத்திரிக்கு ஆள் தேடினால் கிடைக்காது. இடத்தை உறுதி செய்யும் முன்பே அரை மணி நேரத் தொலைவுக்குள் எத்தனை அறை இருக்கின்றன என்று எண்ணுங்கள். உங்கள் பட்டியலில் பாதிப் பேருக்காவது தேறவில்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.

டாக்ஸி விஷயத்தில் நகரத்து நினைப்பு உதவாது. ராத்திரி பதினொன்றரைக்கு வயல் நடுவில் நின்று செயலியைத் திறந்தால் ஒரு காரும் காட்டாது. சிக்னல் இருந்தால்தானே அதுவும். ஒரு சிற்றுந்தைப் பேசி, ஒன்பதரைக்கு ஒரு நடை, பன்னிரண்டுக்கு ஒரு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் முதல் நடையில் போய்விடுவார்கள். அத்தைகள் போனபிறகு ஆட்டமும் சூடுபிடிக்கும்.

பணம் கட்டும் முன்

விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. சேர்க்காமல் சொன்ன 10,000 பவுண்டு ரசீதில் 12,000 ஆகிவிடும். நாற்காலி, சமையலறை, சுத்தம் செய்வது, நாமே கொண்டுவரும் மதுவுக்குத் திறப்புக் கட்டணம் எல்லாம் உள்ளடக்கமா என்று வரிவரியாகக் கேளுங்கள். வெறும் வயலில் கூடாரம் போட்டால் மலிவு என்று தோன்றும். ஜெனரேட்டர், கழிவறை வண்டி, தரை, விளக்கு என்று சேர்த்தபின் பார்னையே எடுத்திருக்கலாம் என்று புலம்பியவர்கள்தான் அதிகம். அங்கே காசுக்கு மது விற்கவேண்டுமென்றால் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு ஒன்றை உள்ளாட்சி மன்றத்துக்குக் கொடுக்கவேண்டும். கட்டணம் 21 பவுண்டு. குறைந்தது பத்து வேலை நாள் முன்பு கொடுக்கவேண்டும். எந்த நேரத்திலும் 499 பேருக்கு மேல் இருக்கக்கூடாது.

முன்பணத்தை, கொஞ்சமாவது, கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள சேவைக்கு, அவர்கள் கடையை மூடிவிட்டுப் போனாலும் கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வங்கிப் பரிமாற்றத்தில் கட்டினார். இடம் கைமாறியது, புதியவர் "பழைய ஒப்பந்தம் எனக்குத் தெரியாது" என்றார். தள்ளுபடியாகக் கிடைத்தது 200 பவுண்டு. போனது எவ்வளவு என்று அவர் இன்றுவரை மனைவியிடம் சொல்லவில்லை.

கையெழுத்துக்கு முன் இன்னொரு முறை போய்வாருங்கள், இந்தத் தடவை இருட்டியபின், முடிந்தால் கல்யாணம் நடக்கப்போகும் அதே மாதத்தில். கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல்வரை விளக்கு இருக்கிறதா, புடவை கட்டிய பெண் சரளைக் கல்லில் குதிகால் செருப்போடு நடக்க முடியுமா என்று நடந்தே பாருங்கள். அங்கிருந்து விருந்தினர் தங்கும் இடம் வரை போனை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். வேலிச்செடிக்குள்ளிருந்து மண்ட்ஜாக் மான் குறுக்கே பாயும், மெதுவாகப் போங்கள்.